மூச்சுக்குழாய் ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு

காற்று மாசு மூச்சுக்குழாயை என்ன செய்கிறது என்று பார்க்கும் மருத்துவ ஆய்வுக்குத் தன்னார்வலர்கள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆஸ்துமா உள்ளவர்களையும் கூப்பிடுவார்கள், ஒன்றுமே இல்லாதவர்களையும் கூப்பிடுவார்கள், ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு தரப்பும் வேண்டும் என்பதால்.

முதலில் கேட்க வேண்டியது, இது எந்த மாதிரி ஆய்வு என்பது. சிலவற்றில் நீங்கள் வழக்கம்போல வாழ்ந்துகொண்டே ஒரு சின்ன காற்று மீட்டரைச் சுமந்து திரிய வேண்டும், டைரி எழுத வேண்டும், அவ்வளவுதான். சிலவற்றில் வீட்டில் ஏர் பியூரிஃபையர் வைத்துச் சில வாரம் பார்ப்பார்கள். இன்னும் சிலவற்றில் உங்களையே மாசுக் காற்றைச் சுவாசிக்க வைப்பார்கள்: ஓர் அறைக்குள் உட்காரவைத்து ஒருநாள் நீர்த்த டீசல் புகை, இன்னொரு நாள் வடிகட்டிய காற்று, எந்த நாளில் எது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அறை இல்லாமலும் இதைச் செய்யலாம். லண்டனில் நடத்தி 2007-இல் வெளியான ஆய்வில், ஆஸ்துமா உள்ள 60 பேரை ஒருநாள் ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலும் இன்னொரு நாள் ஹைட் பூங்காவிலும் இரண்டிரண்டு மணி நேரம் நடக்கவிட்டார்கள். அந்தத் தெருவில் அப்போது டீசல் பேருந்தும் டாக்ஸியும்தான் ஓடின. தெருவில் நடந்த நாளில், முதல் ஒரு நொடியில் ஊதித் தள்ள முடிந்த காற்று 6.1 சதவீதம் வரை இறங்கியது, சளியிலும் அழற்சியின் அடையாளம் கூடியிருந்தது. ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிட்டார்கள், அதுதான் இந்த அமைப்பின் பலம்.

தெரிந்தே கெட்ட காற்றைச் சுவாசிக்க வைப்பது நியாயமா என்று தோன்றும். நியாயமான கேள்விதான். பொதுவாக நோய் கட்டுக்குள் இருப்பவர்களை மட்டும் எடுப்பார்கள், நேரமும் அளவும் குறைவு, பக்கத்திலேயே மருத்துவர் இருப்பார். இருந்தாலும் ஒப்புதல் படிவத்தைக் கையெழுத்துப் போடும் இடம் தேடிப் புரட்டாமல், வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படியுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, உங்கள் ரத்தமும் சளியும் எத்தனை வருடம் சேமிக்கப்படும், மரபணுச் சோதனைக்குப் போகுமா என்று பாருங்கள். காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் சேர வேண்டாம்.

சரி, சோதனை நாளுக்கு வருவோம். பெரும்பாலும் ஃபீனோ சோதனைதான் முதலில், அதாவது நீங்கள் விடும் மூச்சில் எவ்வளவு நைட்ரிக் ஆக்சைடு இருக்கிறது என்று அளப்பது. பலமாக ஊத வேண்டாம், சீராக ஊத வேண்டும்: நொடிக்கு 50 மில்லிலிட்டர் வேகத்தில், பெரியவர்கள் சுமார் பத்து நொடி, திரையில் தெரியும் குறியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டே. ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். பீட்ரூட், கீரை மாதிரி நைட்ரேட் அதிகமுள்ளவை எண்ணைத் தூக்கிவிடும், சிகரெட் இறக்கிவிடும். ஸ்பைரோமெட்ரியில் (எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக ஊதித் தள்ள முடிகிறது என்று அளக்கும் சோதனை) பலமாக ஊதிய பிறகு எடுத்தாலும் எண் இறங்கும், ஆகவே வரிசையை மாற்றிச் செய்தால் தாராளமாக ஏனென்று கேளுங்கள்.

இந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் குழம்புவது இங்கேதான். பெரியவர்களுக்கு நூறு கோடிக்கு 25 பங்குக்குக் கீழே இருந்தால் குறைவு, 50-க்கு மேல் போனால் அதிகம் என்பது அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2011-இல் தந்த கணக்கு. அதிகம் என்றால் இயோசினோஃபில் என்ற வெள்ளணு வகை சார்ந்த அழற்சி இருக்க வாய்ப்பு கூடுதல், ஸ்டீராய்டு இன்ஹேலர் நன்றாகக் கேட்கவும் வாய்ப்புண்டு. ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவில் அடிக்கடி பார்ப்பது இந்த வகை. ஆனால் டீசல் புகை பல நேரம் கிளப்பிவிடுவது வேறொரு வெள்ளணுவை, நியூட்ரோஃபிலை. அது கூடியிருந்தாலும் ஃபீனோ எண் அசையாமல் கிடக்கலாம். அதனால் எண் குறைவாக வந்ததும் ‘எனக்குக் காற்று ஒன்றும் செய்யவில்லை’ என்று நினைத்துவிடாதீர்கள், அந்தக் கருவி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை.

அதைப் பார்க்கத்தான் சளியை எடுக்கிறார்கள். உப்புக் கரைசலை, பொதுவாக 3 முதல் 5 சதவீதம், நெபுலைசர் என்ற கருவியில் நுண்துளிகளாக்கிச் சுவாசிக்கச் சொல்வார்கள், அது உள்ளேயிருந்து சளியைக் கிளப்பும். அழகான வேலை இல்லைதான். முதலில் வாய் கொப்பளித்து மூக்கைச் சிந்திக்கொள்ளுங்கள், எச்சிலைத் துப்பிவிட்டு இருமி வருவதை மட்டும் கிண்ணத்தில் விடுங்கள். வெட்கப்பட்டு அரைகுறையாக இருமினால் எச்சில்தான் வரும், எடுத்த சாம்பிள் வீண். நெஞ்சு இறுகினால் உடனே சொல்லுங்கள், தாங்கிக்கொண்டு இருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

ஸ்பைரோமெட்ரி பலருக்குத் தெரிந்ததே. வயிறு முட்டச் சாப்பிடாமல், தளர்வான உடையில், கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள் (அவ்வளவு பலமாக ஊதும்போது ஏன் என்று புரியும்). சரியாக வந்த மூன்று ஊதல்களாவது வேண்டும், எட்டு வரைகூடப் போகலாம்.

மருந்து விஷயத்தில் மட்டும் சொந்தப் புத்தி வேண்டாம். சோதனைக்கு முன் எந்த இன்ஹேலரை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று எழுதியே தருவார்கள், சிலவற்றுக்குச் சில மணி நேரம், சிலவற்றுக்கு ஒருநாளோ அதற்கு மேலோ. எழுதித் தராததை நிறுத்தாதீர்கள். மூச்சு வாங்கினால் மருந்தை எடுத்துக்கொண்டு போன் செய்யுங்கள், சோதனையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். அண்மையில் ஜலதோஷம் வந்து போயிருந்தாலும் சொல்லிவிடுங்கள், வைரஸ் கிளப்பிய அழற்சியையும் காற்று கிளப்பியதையும் பிரிப்பது பெரும்பாடு.

இப்போது, நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். சோதனைச் சாலையில் கருவிகள் தம் வேலையைச் செய்துகொள்ளும், ஆனால் வீட்டிலும் வெளியிலும் நீங்கள் என்ன சுவாசித்தீர்கள் என்பதற்கு உங்கள் மீட்டரும் டைரியும்தான் சாட்சி. மீட்டரைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிட்டால் அது பையின் காற்றை அளக்கும். குளியலறை ஆவியிலும் நெபுலைசர் பக்கத்திலும் வைக்காதீர்கள், ஒளிச்சிதறலில் இயங்கும் சென்சார்கள் நீர்த்துளியையும் தூசி என்றே எண்ணும். அடுப்பில் ஏதாவது கருகியதா, புகை பிடிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்தீர்களா, ஜன்னல் திறந்திருந்ததா, எழுதுங்கள். இன்ஹேலரை மறந்தீர்களா, அதை முதலில் எழுதுங்கள். ஆய்வாளர்கள் திட்டுவார்களோ என்று பயந்து ‘எடுத்தேன்’ என்று குறித்தால், மருந்து எடுத்தும் மூச்சு மோசமானது என்று கணக்காகிவிடும், பழி காற்றின் மேல் விழும். பீக் ஃப்ளோ மீட்டரில் (அதிகபட்சம் எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் கைக்கருவி) காலையும் மாலையும் மூன்று முறை ஊதி, மூன்றையும் எழுதச் சொன்னால் மூன்றையும், அதிகமானதை மட்டும் கேட்டால் அதை மட்டும் அப்போதே எழுதுங்கள். மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து இரண்டு வாரத்தையும் ஒரே பேனாவில் நிரப்புகிறவர்கள் உண்டு, எண்கள் சந்தேகத்துக்கிடமாக ஒழுங்காக இருப்பதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆய்வு நடக்கிறதே என்று திடீரென நல்ல பிள்ளையாகி, மாசுள்ள சாலையைத் தவிர்த்து நடப்பதும் வேண்டாம், அவர்களுக்கு வேண்டியது உங்கள் வழக்கமான நாள்.

ஏர் பியூரிஃபையர் ஆய்வு என்றால் இன்னொன்று. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, உங்களுக்குச் சொல்லாமல், சில வாரம் உள்ளே ஃபில்டர் இருக்காது, மின்விசிறி மட்டும் சுற்றும். மூடியைத் திறந்து பார்க்க ஆசை வரும். பார்த்துவிட்டால், அன்றிலிருந்து நீங்கள் எழுதும் ‘இன்று மூச்சு பரவாயில்லை’ என்பதை நம்ப முடியாது.

மீட்டரில் பி.எம். 2.5, அதாவது காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களின் அளவு, ஏறினால் பதறாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம், 2005-இல் அது 10 ஆக இருந்தது. ஆனால் இது ஒரு வருடச் சராசரிக்கு, ஒருநாள் சராசரிக்கு 15. சமையலின்போது பத்து நிமிடம் 80 காட்டுவதை அந்த 5-ஓடு ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, புகை அறையில் இருந்துவிட்டு வந்த நாளில் மூச்சிறுக்கம் சில மணி நேரம் கழித்தும் வரலாம், இரவில்கூட. ஆய்வுக் குழுவின் அவசர எண்ணைப் போனில் பதிந்து, வீட்டில் இருப்பவரிடமும் கொடுத்துவையுங்கள், நிவாரண இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஸ்பைரோமெட்ரி அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் வழக்கமான மருத்துவருக்கு அது உதவும்.