வைரஸ் பேதி: வயதுக்குத் தக்கபடி வீட்டில் செய்ய வேண்டியவை

திடீரென்று தண்ணீராகப் போகிறது, கூடவே வாந்தி, மலத்தில் ரத்தமோ சீதமோ இல்லை என்றால் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். ஆன்டிபயாடிக் மாத்திரை இதைத் தொடவே தொடாது. எந்த வைரஸ் என்று டெஸ்ட் எடுத்தாலும் வீட்டுச் சிகிச்சை மாறப்போவதில்லை. வயதுதான் முக்கியம்: யார் எவ்வளவு சீக்கிரம் வறண்டுபோவார்கள் என்பதை அதுதான் சொல்லும்.

மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குப் பேதி என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், நேரே டாக்டரிடம் போங்கள். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை ரோட்டா வைரஸின் காலம். முதலில் காய்ச்சலும் வாந்தியும், பிறகு மூன்றிலிருந்து எட்டு நாள் வரை தண்ணீர்ப் பேதி. பல் முளைப்பதும் இதே வயதில் என்பதால் "பல்லு மொளைக்குது, அதான் போகுது" என்று பாட்டிமார் சொல்லிவிடுவார்கள். அந்த நம்பிக்கையில் ஒரு நாள் கழிந்தால் குழந்தை வாடிவிடும். தொக்கம் எடுக்கப் போவதும் அப்படித்தான்: நேரம்தான் வீணாகும். ரோட்டாவுக்குத் தடுப்பு மருந்து உண்டு. 6, 10, 14 வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக வாயில் கொடுக்கிறார்கள். போட்ட குழந்தைக்கும் பேதி வரலாம், ஆனால் ஆஸ்பத்திரி வரை போகும் கடுமை பெரிதும் குறையும்.

அதே சின்ன வயதில் அடினோ வைரஸ் (40, 41 வகைகள்) வந்தால் வாந்தி குறைவாக இருக்கும், ஆனால் பேதி ஒன்றிரண்டு வாரம் இழுக்கும். ஆஸ்ட்ரோ வைரஸ் பெரும்பாலும் லேசாகவே வந்து போகும்.

பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும் பெரும்பாலும் மாட்டுவது நோரோ வைரஸிடம். கல்யாண விருந்திலோ ஹாஸ்டல் மெஸ்ஸிலோ சாப்பிட்டு 12 முதல் 48 மணி நேரத்தில் பலருக்கும் ஒரே நேரத்தில் வாந்தி பிடிக்கிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். ஒன்றிலிருந்து மூன்று நாளில் அடங்கும்.

முதியவர்களுக்கும் நோரோதான், ஆனால் அவர்களுக்கு ஆபத்து அதிகம். வறண்டுபோனாலும் தாகம் தெரியாது. நீர் பிரிய மாத்திரை, பிரஷர் மாத்திரை, மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய் மாத்திரை) எடுப்பவர்கள் அன்றே டாக்டருக்கு போன் போட்டு, எதை நிறுத்தி வைப்பது என்று கேட்க வேண்டும். சர்க்கரை நோயாளியும் ஓ.ஆர்.எஸ். (பொட்டலத்தில் வரும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) குடிக்கலாம்.

இனி ஓ.ஆர்.எஸ். கரைக்கும் முறை. தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கொட்டுங்கள். டம்ளர் அளவு வீட்டுக்கு வீடு மாறும், அதனால் கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அளவாக வையுங்கள். பாதிப் பொடியைக் கண்ணளவில் ஒரு டம்ளரில் போட்டால் உப்பு கூடி, குழந்தைக்குத் தாகமும் வறட்சியும் மோசமாகும். தண்ணீர் கூடினால் இழந்த உப்பு திரும்பாது. குறைவாக வேண்டுமென்றால் 200 மி.லி. பொட்டலம் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை, பால், ஜூஸ் எதையும் சேர்க்காதீர்கள். கலக்கிய 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிடுங்கள். பொட்டலம் கிடைக்காத இரவில்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குள் 50–100 மி.லி., இரண்டிலிருந்து பத்து வயது வரை 100–200 மி.லி., அதற்கு மேல் கேட்கும் அளவு. கடகடவென்று குடித்தால் வாந்தியாக வரும். வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று பாலாடையிலோ ஸ்பூனிலோ கொடுங்கள். பொறுமையாகக் கொடுத்தால் பெரும்பகுதி உள்ளே தங்கும்.

தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பெரிய குழந்தைக்குக் கஞ்சி, குழைந்த மோர்ச்சாதம், இட்லி கொடுக்கலாம். வயிற்றைக் காயப் போட்டால் குடல் ஆறத் தாமதமாகும். 20 மி.கி. ஜிங்க் மாத்திரையை (இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை பாதி) ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து, ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு தினம் ஒன்று, 14 நாள். பேதி நின்றதும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அடுத்த சில மாதங்களில் பேதி திரும்ப வராமல் காப்பதற்கும் சேர்த்துத்தான் அந்த 14 நாள் கணக்கு. பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

கண் குழி விழுவது, உச்சிக்குழி உள்வாங்குவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புவது, தூங்கி வழிவது, எதைக் குடித்தாலும் வாந்தி: இதில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், வழியிலும் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே.

வீட்டில் மற்றவருக்குப் பரவாமல் இருக்க சானிடைசரை நம்பாதீர்கள், நோரோவிடம் அது சரியாக எடுபடாது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். வாந்தி விழுந்த தரையைக் கையுறை போட்டு, பழைய துணியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி எடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மி.லி. திரவ பிளீச் கலந்து ஊற்றி, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். ஆசிட்டோடு பிளீச்சைக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சமைப்பவருக்கு வந்தால், எல்லாம் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. அதற்குப் பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ மலத்தில் வைரஸ் வெளியேறக்கூடும், அதனால் கழிப்பறை போய்வந்த கையைச் சோப்பால் கழுவாமல் அரிசியைக்கூடத் தொட வேண்டாம்.