பரணில் தூங்கும் பழைய கம்ப்யூட்டரை எழுப்புவது எப்படி

பழைய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கியதும் கை தானாகப் பவர் ஒயரைத் தேடும். தயவுசெய்து வேண்டாம். நானும் ஒருமுறை அப்படித்தான் செருகினேன். பின்பக்கம் இருந்த சின்னச் சிவப்பு ஸ்விட்ச் 115-இல் நின்றதைக் கவனிக்கவில்லை, டமார் என்று ஒரு சத்தம், வீடு முழுக்கக் கருகல் வாடை, "இதுக்குத்தான் பழைய இரும்புக்குப் போடச் சொன்னேன்" என்று அம்மா. நம்ம ஊர் கரண்ட் 230 வோல்ட். அந்த ஸ்விட்ச் இருந்தால், அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அப்புறம் பக்கத் தகட்டைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். மதர்போர்டில் (எல்லாப் பாகமும் செருகியிருக்கும் பெரிய அட்டை) குட்டி டிரம் மாதிரி நிற்கும் கேபாசிட்டர்களை டார்ச் அடித்துப் பாருங்கள், தலை தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியிருந்தாலோ பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ அந்த போர்டுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது சர்வசாதாரணம், உள்ளே இருக்கும் திரவம் தரமில்லாததால் வந்த வினை. சால்டரிங் தெரிந்தவர் அதே வோல்டேஜ், அதே மைக்ரோஃபாரட் அளவில் புதிதாக மாற்றிவிடுவார். 386, 486 சிப்கள் காலத்து மெஷின் என்றால் போர்டிலேயே பற்றவைத்த நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து செம்புக் கோடுகளை அரித்திருக்கும். அதை முதலில் வெட்டி எடுங்கள், மற்ற வேலை பிறகு.

அடுத்து எஸ்எம்பிஎஸ், அதாவது கரண்டை உள்ளே பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை டப்பா. மதர்போர்டிலிருந்து அதன் பெரிய கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, பிளக் சுவரில் இல்லாதபோது பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணையுங்கள் (ஏடிஎக்ஸ் என்ற வகை பவர் சப்ளையில்தான் இது நடக்கும், அது 1995-இல் வந்தது). உதவாத சிடி டிரைவ் ஒன்றையும் மாட்டிவிட்டு ஆன் செய்தால் ஃபேன் சுற்றும். மல்டிமீட்டரில் மஞ்சள் ஒயர் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில், சிவப்பு ஒயர் 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேறு வாங்குங்கள். அந்த டப்பாவை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே ஷாக் மிச்சமிருக்கும்.

ராமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டுங்கள். சர்வீஸ் கடைகளில் பாதி மெஷினுக்கு உயிர் வருவது இந்த ரப்பரால்தான். மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள், பிஸ்கட் பாக்கெட் விலைதான்.

ஹார்ட் டிஸ்க்கை மட்டும் இப்போதே அந்த மெஷினில் மாட்டிக் கிளப்பாதீர்கள். எனக்கு வேண்டியது கம்ப்யூட்டர் இல்லை, 2001-இல் அப்பா அதில் தட்டிவைத்த கடிதங்கள். கிழட்டு டிஸ்க் இன்னும் எத்தனை முறை சுற்றும் என்று யாருக்குத் தெரியும், சுற்றுகிற அந்த ஒரு தடவையிலேயே முழுசாக நகலெடுத்துவிட வேண்டும். இங்கேதான் புதுச் சாமான்கள் கைகொடுக்கும். ஐடிஇ (அந்தக் காலத்து அகலப் பட்டை ஒயர் இணைப்பு) டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டும் அடாப்டர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், தனிப் பவர் ஒயரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் டெஸ்க்டாப்பில் இருக்கும் பெரிய சைஸ் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், யூஎஸ்பி அதைத் தராது. டிஸ்க்கின் பின்பக்கம் இருக்கும் ஜம்பரை (பின்களை இணைக்கும் குட்டி மூடி) 'மாஸ்டர்' என்று குறித்த இடத்தில் வையுங்கள். மறுமுனையில் நான் வைத்தது ராஸ்பெரி பை, 2012-இல் 35 டாலருக்கு வந்து எங்களை மாதிரி ஆட்களைக் கிறுக்காக்கிய அதே சின்ன அட்டைக் கம்ப்யூட்டர். அதில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளை ஓட்டினால், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுக் கெட்டுப்போன இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். ராத்திரி முழுக்க ஓடட்டும்.

நகல் கைக்கு வந்தாச்சா? இனி விளையாடலாம். பழைய டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை (பழைய கேமரா மெமரி கார்டு) அடாப்டர் வைத்து ஐடிஇயில் மாட்டுங்கள். இரண்டும் ஒரே மொழி பேசுவதால் அடாப்டரில் பெரிதாக எதுவுமே இருக்காது, வெறும் பின்கள்தான், சத்தமும் கிடையாது. விண்டோஸ் 98 போடுவதாக இருந்தால் ராமை 512 எம்பிக்கு மேல் ஏற்றாதீர்கள், முரண்டு பிடிக்கும். அந்தச் சிஸ்டத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் 2006-லேயே நின்றுவிட்டது, அதனால் இன்டர்நெட் பக்கமே காட்ட வேண்டாம்.

கடைசியாக ஒரு தமிழ்த் தலைவலி. ஃபைலைத் திறந்தால் குப்பையாக இருக்கும், பயப்படாதீர்கள். யூனிகோட் (எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி படிக்கும் எழுத்து முறை) பரவுவதற்கு முன் பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று வர ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று அடிப்பார்கள், ஃபைலில் பதிந்திருப்பதும் அதேதான். வேர்டில் திறந்து எழுத்துருப் பெயரைப் பார்த்தால் பாமினியா, அந்தக் காலத்து வேறு தமிழ் முறைகளான டிஸ்கியா, டேபா என்று பிடிபடும். அதற்கேற்ற எழுத்து மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கிவிடலாம். அந்த மென்பொருள் நடுநடுவே இருக்கும் ஆங்கில வார்த்தைகளையும் தமிழ் என்று நினைத்துக் கடித்துக் குதறிவிடும், அதைக் கையால்தான் திருத்த வேண்டும். அப்பா எல்லாக் கடிதத்திலும் 'பேங்க்' என்பதை ஆங்கிலத்திலேயே அடித்திருந்தார், எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது.