கம்பெனி பதிவைப் பகிரும்போது உங்கள் பெயருக்கும் பலன் கிடைக்க

லிங்க்ட்இன்னில் உங்கள் கம்பெனியின் பதிவைப் பகிரும்போது வெறும் ரீபோஸ்ட்டை அழுத்தாதீர்கள். பக்கத்திலேயே, சொந்தக் கருத்தைச் சேர்த்துப் பகிரும் வசதி இருக்கிறது. அதை எடுத்து, அந்த வேலையில் உங்கள் பங்கு என்ன என்று இரண்டு மூன்று வரி எழுதுங்கள்.

வெறும் ரீபோஸ்ட்டில் லைக்கும் கமெண்ட்டும் கம்பெனியின் மூலப் பதிவுக்கே போய்ச் சேரும். கருத்தோடு பகிர்ந்தால் அது உங்கள் பெயரிலேயே தனிப் பதிவு. பேச்சும் உங்களிடமே நடக்கும். நாளைக்கு ஒரு எச்.ஆர். உங்கள் பக்கத்தைத் திறந்தால், ரெஸ்யூமேயில் ஒற்றை வரியாகக் கிடக்கும் வேலைக்கு அங்கே சாட்சி இருக்கும். "பெருமைப்படுகிறேன்" என்று தொடங்க வேண்டாம், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நீளமான பதிவில் முதல் சில வரிகள்தான் வெளியே தெரியும் என்பதால் "இந்த ஆப்பில் பில்லிங் பகுதியைச் சோதித்தது நான்" என்பது போல விஷயத்தை முதலிலேயே வையுங்கள்.

வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு என்றால், கம்பெனியில் ரெஃபரல் போனஸ் (நீங்கள் சிபாரிசு செய்தவர் வேலைக்குச் சேர்ந்தால் உங்களுக்குக் கிடைக்கும் தொகை) உண்டா என்று முதலில் கேளுங்கள். இருந்தால், உங்கள் ரெஃபரல் லிங்க்கையும் சேர்த்துப் போடுங்கள்.

இன்னும் அறிவிக்காத பொருள், வாடிக்கையாளர் பெயர் ஆகியவற்றுக்கு இது சரிவராது. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி என்றால் வெளிவராத நிதி விவரத்தைத் தொடவே கூடாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் 2015 உள்வணிகத் தடை விதிமுறைகள் (வெளிவராத உள் தகவலைப் பகிர்வதையும், அதை வைத்துப் பங்கு வாங்கி விற்பதையும் தடுப்பவை) குறுக்கே வரும். அப்புறம், உங்களுக்குத் துளியும் சம்பந்தமில்லாத பதிவு என்றால் ஒரு லைக் போதும்.