நாடகத் தயாரிப்பாளர் ஆய்வு செய்யப் போனால்: திட்ட வரைவு எழுதும் வழி

பதினோரு வருடம் ஒரு நாடகக் குழுவுக்கு மேடை, வண்டி, சாப்பாடு, கணக்கு எல்லாம் பார்த்த பிறகு, நாற்பது வயதில் நாடகத்துறையில் முதுகலை சேர்ந்தேன். ஆய்வுத் திட்டம் கேட்டார்கள். 'தெருக்கூத்தும் சமூகமும்' என்று தலைப்புக் கொடுத்தேன். "இதில் எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள்?" என்றார் எதிரே இருந்தவர். என்னிடம் பதில் இல்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்று என்னிடம் சினாப்சிஸ், அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கம், எடுத்து வரும் பிள்ளைகளில் பலர் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

தயாரிப்பு வேலை பார்த்தவருக்குக் கேள்வி ஏற்கெனவே கையில் இருக்கிறது. பணக்கணக்கெல்லாம் ஆய்வா என்று நாமே அதை ஒதுக்கிவிடுகிறோம்.

திரௌபதி அம்மன் திருவிழாவில் நடக்கும் தெருக்கூத்தில் அர்ச்சுனன் தபசு பார்த்திருப்பீர்கள். வேஷக்காரர் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் ஏறுவார். அவர் மேலிருந்து போடும் எலுமிச்சம்பழத்துக்காகக் குழந்தை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்திக் காத்திருப்பார்கள். ஊரே அண்ணாந்து பார்க்கும் அந்த நேரத்தில் நீங்கள் மரத்தின் அடியைப் பாருங்கள். அந்த மரத்தைக் கொண்டுவந்து நட்டது யார் செலவு? குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் தலைக்கட்டு வரியா, ஒருவர் உபயமா? வெற்றிலை பாக்கு வைத்து ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, கொடுத்த அச்சாரம் எவ்வளவு? நடு ராத்திரியில் வேஷக்காரர் கைக்கு வரும் அன்பளிப்பு அவருக்கா, ஜமாவுக்கா? இவற்றில் ஒன்றைப் பிடித்து, ஓர் ஊர், ஒரு ஜமா, ஒரு பருவம் என்று சுருக்கினால் ஆய்வுக் கேள்வி வந்துவிடும். முதுகலைக்கு அதுவே தாராளம்.

முன்னோர் ஆய்வுப் பகுதியில் படித்ததையெல்லாம் கொட்ட வேண்டாம். திரௌபதி வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்டபைட்டல் விரிவாக எழுதியிருக்கிறார். தெருக்கூத்தின் இன்னொரு பெயரான கட்டைக்கூத்தைப் பற்றி ஹன்னே டி ப்ரூயின் எழுதியிருக்கிறார். அவர்கள் எதுவரை சொன்னார்கள், உங்கள் கேள்வி எங்கே தொடங்குகிறது என்று இரண்டு பத்தி போதும்.

அடுத்தது கால அட்டவணை. நல்ல திட்டங்கள்கூட இங்கேதான் விழுகின்றன. கல்லூரி நாட்காட்டியைப் பார்த்து ஐப்பசி, கார்த்திகையில் களப்பணி என்று எழுதுகிறார்கள். அது மழைக்காலம். கூத்து கூடுவது பங்குனி, சித்திரையிலிருந்துதான். அப்புறம், விடிய விடிய ஆடியவர்களிடம் காலை பத்து மணிக்குப் பேட்டி எடுக்க முடியாது. அரிதாரம் கலைத்து, சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். பேட்டிக்குப் பிற்பகல் மூன்றுக்கு மேல் என்றே எழுதுங்கள். இந்த ஒரு வரியைப் பார்த்தாலே களம் தெரிந்த ஆள் என்று கைடுக்குப் புரியும்.

செலவுக் கணக்கில் 'இதரச் செலவு' என்று மொத்தமாகப் போடாதீர்கள். பெட்ரோல், ஹார்டு டிஸ்க், பேட்டியை எழுத்தில் பெயர்ப்பவருக்குக் கூலி, எல்லாம் தனித்தனியாக வரட்டும். கலைஞருக்கு அவர் தரும் நேரத்துக்கான ஊதியமும் கட்டாயம் ஒரு வரியாக இருக்க வேண்டும். என் முதல் வரைவில் அது இல்லை. மிருதங்கக்காரர் ஒருவர் மூன்று பிற்பகல் எனக்காக உட்கார்ந்து பேசினார். அவருக்கு என்னால் டீ மட்டுமே வாங்கித் தர முடிந்தது. அது இன்னும் உறுத்துகிறது.

வெளியிலிருந்து கிடைக்கும் நல்கைக்கும், அதாவது நிதியுதவிக்கும், முயலுங்கள். பெங்களூரில் இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1995 முதல் கலை ஆய்வுகளுக்கு நல்கை தருகிறது. ஆங்கிலம் தடுக்கிறது என்று தயங்க வேண்டாம், அங்கே இந்திய மொழிகளிலும் எழுதலாம்.

வரைவு முடிந்ததும் ஜமாவை நடத்தும் வாத்தியாரிடம் போய் உரக்கப் படித்துக் காட்டுங்கள். எதைப் பதிவு செய்யலாம், எந்தத் தொகையை வெளியே சொல்லக் கூடாது என்று அவர் சொல்வதை ஒப்புதல் பகுதியில் அப்படியே சேருங்கள். பதிவின் ஒரு பிரதி ஜமாவுக்குப் போகும் என்பதையும், எந்த மாதத்துக்குள் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.