போர்க்காலப் படகுக்கு உயிர் கொடுக்க: உளிக்கு முன்னால் தார்ப்பாய்

பழைய போர்க்காலப் படகு ஒன்று உங்கள் பொறுப்பில் வந்தால், முதல் நாள் உளியைத் தொடாதீர்கள். ஒரு நல்ல தார்ப்பாயை எடுங்கள். நான் தச்சுவேலை செய்பவன். 1943-இல் கட்டிய 72 அடி துறைமுகக் காவல் படகு ஒன்றில் ஏழு வருஷம் வேலை செய்தேன். அந்தப் படகைக் கெடுத்தது கடல் இல்லை, மழை. உப்புத் தண்ணீரில் மரத்தை அழுக வைக்கும் பூஞ்சை எளிதில் வளராது. மேல்தளத்தின் இடுக்கில் இறங்கி, காற்றுப் புகாத மூலையில் தேங்கும் மழைத்தண்ணீரில்தான் அது செழிக்கும். அதனால் படகைவிட அகலமாகக் கூரை போடுங்கள். இரண்டு பக்கமும் திறந்து காற்று ஓடட்டும். பாயை மரத்தோடு ஒட்டிப் போர்த்தினால் உள்ளே வியர்த்து, மழையே தேவலை என்று ஆகிவிடும்.

இந்தப் படகுகளை யாரும் எண்பது வருஷத்துக்காகக் கட்டவில்லை. போர் முடியும்வரை ஓடினால் போதும் என்றுதான் கட்டினார்கள். அமெரிக்காவின் பி.டி. படகுகளை, அதாவது டார்பிடோ ஏவும் சின்ன வேகப் படகுகளை, ஒட்டுப்பலகையில் செய்தார்கள் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது தப்பு. அவற்றின் உடல் இரண்டு அடுக்கு மஹோகனிப் பலகை, நடுவே பசை ஊறிய துணி. போர் முடிந்ததும் பிலிப்பைன்ஸின் சமார் தீவில் நூற்றுக்கும் மேற்பட்ட பி.டி. படகுகளைக் கரையேற்றிக் கொளுத்திவிட்டார்கள். மிஞ்சியவை மீன்பிடிக்கப் போயின, வீடாகின, சேற்றில் கிடந்தன. இன்று கையில் கிடைக்கும் ஒவ்வொன்றும் அப்படித் தப்பி வந்ததுதான்.

கூரை போட்டாச்சா? அடுத்தது தாங்கல். கரையில் நிற்கும் மரப்படகு தன் எடையாலேயே வளையும். முன்னும் பின்னும் தொங்கி நடு முதுகு எழும்பிவிடும். ஏரா என்கிற அடிமரத்துக்குக் கீழே சில அடிக்கு ஒரு கட்டை வையுங்கள். பக்கத் தாங்கல்களை வங்குகள், அதாவது பலகையை உள்ளிருந்து தாங்கும் விலா மரங்கள், இருக்கும் இடத்தில் மட்டும் கொடுங்கள், வெறும் பலகையில் முட்டுக் கொடுத்தால் உள்ளே குழிந்துவிடும். பிறகு அணியம் என்கிற முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒரு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளந்து எழுதுங்கள். மாதம் ஒருமுறை அளக்க வேண்டும். வளைந்திருந்தால் ஒரே நாளில் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். கட்டைகளில் ஆப்பு வைத்து வாரத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். நாங்கள் ஐந்து மாதம் எடுத்தோம், ஒரு வங்கும் உடையவில்லை.

அப்புறம் பதிவு. இதில் நான் பிடிவாதக்காரன். எதையும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்து, எண் கட்டி, எந்த இடம் என்று எழுத வேண்டும். பெயின்டைக்கூட மொத்தமாகச் சுரண்டக் கூடாது. கைப்பிடிக்குப் பின்னால், மணிச்சட்டத்துக்கு அடியில் என்று மறைவான இடம் பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்கு, நடுவில் ஆழமாகவும் விளிம்பில் மெதுவாகவும், நனைத்த உப்புத்தாளால் தேயுங்கள். மரம் வெட்டினால் தெரியும் வளையம் மாதிரி ஒவ்வொரு பூச்சும் வெளியே வரும். எங்கள் படகில் வெள்ளை, பச்சை, மறுபடி வெள்ளை, அதற்கடியில் இரண்டு விதச் சாம்பல் நிறம் இருந்தது. போர்க்கால நிறம் எது என்ற சண்டை அன்றோடு முடிந்தது.

எந்த வருஷத்துப் படகாக மீட்கப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நியூ ஆர்லியன்ஸில் கட்டிய பி.டி. 305-ஐப் பாருங்கள். போருக்குப் பிறகு அதன் பின்பக்கத்தை வெட்டி 65 அடியாகக் குறைத்துவிட்டார்கள். அங்குள்ள இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகம் அந்தப் பகுதியைத் திரும்பக் கட்டி, பத்து வருஷ உழைப்புக்குப் பிறகு 2017-இல் ஓட விட்டது. 1944-இல் இருந்த படகு வேண்டும் என்று முடிவெடுத்ததால் வந்த வேலை அது. எல்லாப் படகுக்கும் அது பொருந்தாது. பின்னால் வந்த மாற்றமும் படகின் கதைதான், அதனால் கழற்றியதைத் தூக்கிப் போடாமல் வையுங்கள்.

உள்ளே இறங்குமுன் உடம்பைக் காத்துக்கொள்ளுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், உலர்வாகத் தேய்க்கவே கூடாது. புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கட்டு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், உரிமம் உள்ளவர்கள்தான் எடுக்க வேண்டும். இருட்டில் ஒளிரும் பழைய அளவுகாட்டிகளின் முகப்பில் ரேடியம் இருக்கலாம், கண்ணாடியைத் திறக்காதீர்கள். எண்ணெய்த் தொட்டி காலியாக இருந்தாலும் ஆவி நிற்கும். பி.டி. படகுகள் 3,000 காலன் விமானப் பெட்ரோலைச் சுமந்தவை என்பதை மறக்க வேண்டாம்.

சரி, இப்போது மரம். ஒரு சின்னச் சுத்தியலும் கூரான ஊசியும் போதும். தட்டினால் நல்ல மரம் கணீர் என்று பேசும், அழுகியது பொத்தென்று விழும். மேல்தளமும் பக்கப் பலகையும் சேரும் விளிம்பு, கம்பங்கள் நிற்கும் அடி, பின்முனை மூலைகள் ஆகிய மூன்று இடத்தையும் முதலில் பாருங்கள். எங்கள் படகின் இடப்பக்கத்தில் ஒரு கம்பத்தடியில் பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஊசியை வைத்தேன், கைப்பிடி வரை போய்விட்டது. இழுத்தபோது தேநீர் நிறத்தில் தண்ணீர் ஒழுகியது. அங்கிருந்து நாலடி தூரத்துக்கு மரம் ஈரப் பஞ்சாக இருந்தது. கண்டதையெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டு, வரைபடத்தில் ஏற்றிய பிறகுதான் வெட்ட ஆரம்பித்தோம்.

திருகாணிகளையும் சோதியுங்கள். பித்தளையாக இருந்தால் ஒன்றிரண்டைக் கழற்றிச் சுரண்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதிலிருந்த துத்தநாகம் போய், வெறும் செம்புச் சக்கை மிச்சமிருக்கிறது. விரலால் நெரித்தாலே உடையும். அவற்றுக்குப் பதிலாக வெண்கலத் திருகாணி போடுங்கள்.

எங்கள் படகு குறுக்குச் சாய்வான இரட்டைப் பலகை. உள்ளடுக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், வெளியடுக்கு எதிர்ப்பக்கம். நடுவே எண்ணெயில் ஊறிய பருத்தித் துணி. இதை ஒட்டுப்போடும்போது வெளியடுக்கைப் பெரிதாகவும் உள்ளடுக்கைச் சிறிதாகவும் படிக்கட்டு மாதிரித் திறக்க வேண்டும். இரண்டின் மூட்டும் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கேதான் பிளக்கும். இரண்டு துண்டின் முனையையும் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் சாய்வு மூட்டின் நீளம் பலகைத் தடிமனைப் போல எட்டு மடங்காவது இருக்கட்டும். அதைவிட நல்லது, முழுப் பலகையையும் மேல்விளிம்பிலிருந்து ஏரா வரை மாற்றிவிடுவது. புதுப் பலகைக்கு அதே இன மரம், அதே ரேகை ஓட்டம் வேண்டும். நடுத்துணிக்கு இறுகிப்போகாத மெழுகுப் பூச்சு போடுங்கள். கட்டியவர்கள் பசை போடாத இடத்தில் நீங்களும் போடாதீர்கள். நாற்பது வருஷம் கழித்து இன்னொரு தச்சர் இதைத் திறக்க வேண்டியிருக்கும்.

வெளியே கண்ணாடியிழை ஒட்டினால் வேலை மிச்சம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் சம்மதிக்க மாட்டேன். மரம் அசைந்துகொண்டே இருக்கும், உறை அசையாது. நடுவில் ஈரம் மாட்டிக்கொண்டு வெளியே தெரியாமல் அழுகும்.

அந்த நாலடி அழுகலை எடுத்தபோது ஒரு பலகையின் உட்பக்கம் பார்த்தோம். 'இட 14' என்று பென்சிலில் எழுதி, பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி. கட்டிய தச்சர் எந்த முனை மேலே என்று தனக்குப் போட்டுக்கொண்ட குறி. அந்தப் பலகையின் பாதி நல்ல மரம். அதை மட்டும் வெட்டியெடுத்து, புதுத் துண்டை மூட்டி, அதே இடத்தில் வைத்தோம். மூன்று நாள் கூடுதல் வேலை, அதில் எனக்கு வருத்தமே இல்லை. புதிதாக வைத்த துண்டுகளின் உட்பக்கம் நாங்களும் வருஷத்தைச் செதுக்கினோம், எது பழசு எது புதுசு என்று பின்னால் வருபவர்கள் குழம்பக் கூடாது.

இயந்திரம் பற்றிச் சுருக்கமாக. பழையது ஓடுமென்றால் ஓட்டுங்கள். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் உள்ள பி.டி. 658 இன்னும் மூன்று பேக்கர்ட் பெட்ரோல் இயந்திரங்களோடுதான் ஓடுகிறது. உதிரியும் பெட்ரோல் செலவும் கட்டாது என்றால் டீசல் வைக்கலாம், ஆனால் பழைய தாங்கு மரங்களை வெட்டாமல் பொருத்துங்கள்.

தண்ணீரில் இறக்கும் நாளில் கண்டிப்பாகக் கசியும். மாதக்கணக்கில் காய்ந்த பலகை ஊறி உப்ப நேரம் வேண்டும். பளுதூக்கியின் கொக்கியில் பட்டைகளை மாட்டியபடியே ஒரு இரவு பகல் தொங்கவிடுங்கள், இரண்டு பம்பு தயாராக இருக்கட்டும். எங்களுக்கு முதல் ஆறு மணி நேரம் பம்பு நிற்கவே இல்லை, மறுநாள் மதியம் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஓடினால் போதுமானது. அரிமானத்தைத் தடுக்க அடியில் துத்தநாகக் கட்டி மாட்டுவோம் இல்லையா, அதை அளவுக்கு மேல் மாட்டாதீர்கள். அதிகமானால் உலோகத்தைச் சுற்றிக் காரம் ஊறி, திருகாணி பிடித்திருக்கும் மரமே சோறாகிவிடும்.

பிறகு ஒரு நோட்டு போடுங்கள். பம்பு எத்தனை முறை ஓடியது, எந்த மூலை ஈரம், எப்போது தட்டிப் பார்த்தோம் என்று வாரா வாரம் எழுதுங்கள். எங்கள் நோட்டு இப்போது நான்காவது. போன மாதம் அதைப் புரட்டும்போதுதான், வலப்பக்கப் பின்மூலையில் மூன்று வாரமாக 'லேசான ஈரம்' என்று இருப்பதைக் கவனித்தோம். இந்த வாரம் அங்கே ஊசி வைக்கப் போகிறேன்.