லைன் வீடுகளை வாங்கிப் பழுதுபார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டைப் பகுதிகளில், ஒரே வாசலுக்குள் ஆறு குடும்பங்கள், எட்டுக் குடும்பங்கள் எனக் குடியிருக்கும் லைன் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நெசவாளர்களும் வெள்ளிக் கொலுசுத் தொழிலாளர்களும் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே, தங்கள் வருமானத்துக்கு ஏற்ற வாடகையில் வாழ்வதற்கு இந்த வீடுகளை விட்டால் வேறு வழி குறைவு. உரிமையாளருக்கு வயதாகி விற்பனைக்கு வரும்போது, மனைக்காக வாங்குகிறவர் இடித்துவிடுகிறார். அப்படி இடிபடுவதற்கு முன் வாங்கி, பழுதுபார்த்து, அங்கே இருந்தவர்களுக்கே கட்டுப்படியாகும் வாடகைக்கு விடும் வேலையைப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன்.

அண்மையில் இதே நோக்கத்தோடு ஒரு லைனை வாங்கியிருந்த இரண்டு இளைஞர்கள் என்னை அழைத்துப் போய்க் காட்டினார்கள். வாசலைத் தாண்டியதும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, எல்லாரையும் எப்போது காலி செய்யச் சொல்லலாம் என்பதுதான். என் முதல் லைனின் வாசலில் நின்று நானும் இதையே கேட்டேன். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதை எந்த வழக்கறிஞரும் சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாக் குடும்பங்களையும் ஒரே நேரத்தில் காலி செய்வது

அம்மாப்பேட்டையில் நான் வாங்கிய முதல் லைனில் எட்டு வீடுகள். வீட்டுக்கு மாத வாடகை 2,500 ரூபாய். வீடுகள் காலியாக இருந்தால் வேலை விரைவாக முடியும், கூலியும் மிச்சமாகும் என்று கொத்தனார் சொன்னார். மூன்றே மாதத்தில் திரும்ப வந்துவிடலாம் என்று எட்டுக் குடும்பங்களிடமும் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினேன். கூரையைப் பிரித்த பிறகுதான் உத்திரங்கள் கரையான் அரித்துக் கிடந்தது தெரிந்தது. நடுவில் மழை வந்தது. கொத்தனாரும் ஆட்களும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மூன்று மாதம் பதினொரு மாதமாயிற்று.

இதன் கணக்கை ஒருமுறை எழுதிப் பார்த்தால் போதும். எட்டு வீட்டு வாடகை மாதம் 20,000 ரூபாய் வீதம் பதினொரு மாதத்தில் 2,20,000 ரூபாய் வராமல் போயிற்று. வங்கிக் கடனுக்கான வட்டி மட்டும் ஒரு மாதமும் நிற்கவில்லை. அந்த இழப்பை மூன்று ஆண்டுகளில் ஈடுகட்ட வேண்டுமானால், வீடு ஒன்றுக்கு மாதம் ஏறத்தாழ 760 ரூபாய் கூட்ட வேண்டும். அதன் மேல் டைல்ஸ், பெயின்ட் செலவும் ஏறியதால் 4,000 ரூபாய் கேட்கும் நிலைக்கு வந்தேன். வாடகையை உயர்த்தக் கூடாது என்பதற்காகவே வாங்கிய வீட்டின் வாடகையை உயர்த்தியது வேறு யாருமில்லை, நான்தான். எட்டுக் குடும்பங்களில் இரண்டுதான் திரும்பி வந்தன. மற்றவர்கள் அதற்குள் பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்த்து, வேறு இடத்தில் முன்பணமும் கொடுத்திருந்தார்கள்.

மூன்றாவது வீட்டில் குழித்தறி போட்டு வெண்பட்டு வேட்டி நெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் இருந்தார். வேலை முடிந்ததும் வந்து பார்க்கும்படி அவரை அழைத்திருந்தேன். செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்தவர், பளபளப்பான தரையைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பிறகு குந்தி உட்கார்ந்து, சுவர் ஓரமாக ஒரு டைல்ஸின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். "தம்பி, குழி இந்த இடத்துலதானே இருந்துச்சு?" என்று கேட்டார். கால் மிதிகள் இயங்குவதற்கென்று தோண்டப்பட்ட அந்தக் குழியை மண் கொட்டி மூடித் தரையைச் சமப்படுத்தச் சொன்னவன் நான். அவர் கோபப்படவில்லை, எழுந்து போய்விட்டார். தறி போட முடியாத வீடு அவருக்கு எதற்கு? இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், காலி செய்தால்தான் வேலை நடக்கும் என்று யாராவது சொல்லும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

இப்போது நான் செய்வது இதுதான். லைனில் இயல்பாகக் காலியாகும் ஒரு வீட்டை நிரப்பாமல் வைத்துக்கொண்டு, முதலில் அதைப் பழுதுபார்க்கிறேன். அது முடிந்ததும் பக்கத்து வீட்டுக் குடும்பம் அதற்குள் நிரந்தரமாக மாறிக்கொள்ளும். அவர்கள் விட்ட வீட்டில் அடுத்த வேலை தொடங்கும். ஒவ்வொரு குடும்பமும் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு வாசல் தள்ளிப் போனால் போதும். வீட்டுக்கு இரண்டு மாதம் என வைத்தாலும் எட்டு வீடுகளுக்குப் பதினாறு மாதம் ஆகும். ஆனால் எந்த மாதத்திலும் ஒரு வீட்டு வாடகைதான் நிற்கும் என்பதால் இழப்பு 40,000 ரூபாயோடு நின்றுவிடுகிறது. தறி உள்ள வீட்டில் மட்டும், நெசவாளர் தறியில் ஏற்றிய ஒரு பாவு நூலை (நீளவாட்டு நூலை) நெய்து முடித்து அடுத்த பாவு நூலைப் பிணைப்பதற்கு முன்னுள்ள நாள்களைக் கேட்டு வைத்துக்கொண்டு, குழியைத் தொடாமல் வேலையை முடிக்கிறோம்.

மாறிப் போகும் வீடு எது, வாடகை எவ்வளவு என்பதை எழுத்தில் கொடுங்கள். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை ஆணையத்தில் பதிவாக வேண்டும். வாய்வார்த்தை குடியிருப்பவரையும் காக்காது, உங்களையும் காக்காது.

போக்கியத்தை விசாரிக்காமல் வாங்குவது

லைனில் இருக்கும் எல்லாரும் மாத வாடகைக்கு இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். ஒரு குடும்பம் பழைய உரிமையாளரிடம் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் போக்கியத்துக்கு இருக்கலாம். அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் பதிவு செய்யப்படாத முத்திரைத்தாளில் இருப்பதால் வில்லங்கச் சான்றில் வராது. ஆனால் 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டப்படி, ஒரு சொத்தில் ஒருவர் குடியிருப்பதே, அவருக்கு அதில் உள்ள உரிமையை வாங்குபவர் அறிந்திருந்ததற்குச் சமமாகக் கொள்ளப்படும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கதவையும் தட்டி, யார் எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்று நேரில் கேட்டு, விற்பவரின் கையொப்பத்தோடு எழுதி வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழியுங்கள்.

சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசுவது

செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய சுவர், தரையிலிருந்து ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பட்டை பட்டையாக உதிரும். குகையில் ஒரு வீட்டுக்கு இரண்டு முறை பூசிப் பணத்தைத் தொலைத்த பிறகுதான் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் போனேன். அப்படிப்பட்டவர்கள் சிலரே இருக்கிறார்கள், கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

லைன் முழுவதற்கும் ஒரே மின் மீட்டர்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். எட்டுக் குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் அந்தச் சலுகை ஒருமுறைதான் கிடைக்கும். மொத்தப் பயன்பாடும் உயர்ந்த கட்டண அடுக்குக்குப் போய்விடும். தனிச் சமையலறை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இணைப்பு வாங்கிக் கொடுங்கள். குடியிருப்பவருக்கு அது வாடகைக் குறைப்புக்குச் சமம்.

பத்திரச் செலவை மறப்பது

முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. இதை ஒதுக்கிய பிறகே பழுதுபார்ப்புக் கணக்கைப் போடுங்கள்.

மழைக்காலத்தில் கூரையைப் பிரிப்பது

தை பிறந்ததும் தொடங்கி, சித்திரையில் இடியோடு கோடை மழை வருவதற்குள் ஓடு வேய்ந்து கூரையை மூடிவிடுங்கள்.