காமமும் கொலையும் கலந்த மர்மப் படத்தைப் பற்றிய எதிரெதிர்க் கருத்துகளைப் படிப்பது எப்படி?

2003 அக்டோபரில் அமெரிக்காவில் வெளியான 'இன் த கட்' என்ற படத்துக்கு, முதல் நாள் காட்சி முடிந்து வெளியே வந்தவர்களிடம் கேட்டு மதிப்பெண் தொகுக்கும் சினிமாஸ்கோர் நிறுவனத்தின் கணக்கில் கிடைத்தது 'எஃப்'. 'ஏ பிளஸ்' தொடங்கி 'எஃப்' வரை நீளும் அந்த அளவுகோலில் அதற்குக் கீழே எதுவும் கிடையாது. அந்த மதிப்பெண்ணை வாங்கிய படங்களும் மிகச் சில. ஆனால் படத்தை இயக்கியவர், 'தி பியானோ' படத்துக்காக 1993-ல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதை வென்ற முதல் பெண் இயக்குநரான ஜேன் கேம்பியன். இதே படத்தை அவருடைய துணிச்சலான படங்களுள் ஒன்றாகக் கருதி, ஆண்டுகள் கழித்தும் பிறருக்குப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். காமமும் கொலையும் பிணைந்த படங்களுக்கு இந்தப் பிளவு ஏறக்குறைய தலைவிதி. அப்படியொரு படத்தைப் பார்க்கலாமா, தவிர்க்கலாமா என்று முடிவெடுக்கப் பிறர் கருத்துகளைப் புரட்டுகிறவருக்கு, எந்தக் கருத்தை எந்த அளவுக்கு நம்புவது என்ற குழப்பம் வருவது இயல்பு. அதைத் தீர்த்துக்கொள்ளும் வழிகளை, பெரும்பாலும் இந்தப் படத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு சொல்கிறேன். கொலைகாரர் யார் என்பதை எங்கும் சொல்லப் போவதில்லை, அச்சமின்றித் தொடரலாம்.

ஒரு கருத்தைப் படிக்கத் தொடங்கியதும் முதலில் கவனிக்க வேண்டியது, அதை எழுதியவர் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறார் என்பதை. குடும்பக் கதையோ நகைச்சுவைப் படமோ என்றால், பிடித்திருந்ததா என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே பொருளில்தான் சொல்வார்கள். இந்த வகைப் படத்துக்கோ குறைந்தது மூன்று விதமான பார்வையாளர்கள் ஒரே நுழைவுச்சீட்டோடு வருகிறார்கள். ஒருவர் துப்புகளைக் கோத்துக் குற்றவாளியைத் தாமே கண்டுபிடிக்க வருகிறார். இன்னொருவர் உடல் இச்சையைத் திரை எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்று பார்க்க, அல்லது வெறும் கிளர்ச்சியைத் தேடி வருகிறார். மூன்றாமவர் நடிகருக்காகவோ இயக்குநருக்காகவோ வருகிறார். மூவரும் "ஏமாற்றம்" என்ற ஒரே சொல்லை எழுதிவிட்டுப் போனாலும், ஏமாந்த இடம் ஒவ்வொருவருக்கும் வேறு.

'இன் த கட்' கதையை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கில் ஆங்கில ஆசிரியையாக இருக்கும் ஃப்ரானி, ஒரு மதுக்கூடத்தின் கீழ்த்தளத்தில், முகம் இருளில் மறைந்திருக்கும் ஓர் ஆணையும் அவனோடு ஒரு பெண்ணையும் தற்செயலாகக் காண்கிறாள். அவன் மணிக்கட்டில் ஒரு பச்சைக்குறி இருப்பது மட்டும் அவள் கண்ணில் படுகிறது. அந்தப் பெண் பின்னர் கொலையுண்டு கிடக்கிறாள். விசாரிக்க வரும் துப்பறிவாளர் மல்லாயின் மணிக்கட்டிலும் அதே பச்சைக்குறி இருக்கிறது. அவன் மேல் அவளுக்கு எழும் ஆசையும் அவன் மேல் அவளுக்கு எழும் ஐயமும் ஒன்றையொன்று வளர்ப்பதுதான் படத்தின் ஓட்டம். துப்புத் துலக்கும் வேலையில் இயக்குநருக்கு அக்கறை குறைவு என்பது அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிடும்: சந்தேகத்துக்குரிய ஆண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள், விசாரணைக் காட்சிகள் தளர்வானவை, குற்றவாளி வெளிப்படும் இடமும் அவசரமானது. ஆகவே "மர்மம் சப்பென்று முடிந்தது" என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. அதே நேரத்தில், தனக்குத் தீங்கு செய்யக்கூடியவனையே ஒரு பெண் ஏன் விரும்புகிறாள் என்ற கேள்வியைப் படம் விடாமல் பின்தொடர்கிறது என்று எழுதியவரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் துப்பறியும் கதையின் ரசிகர் என்றால் முதலாமவர் உங்கள் ஆள். அவர் கொடுத்த மதிப்பெண் குறைவா கூடுதலா என்பதைவிட, அவர் சுட்டிய குறை உங்களை உறுத்தக்கூடிய குறையா என்பதே உங்களுக்குப் பயன்படும்.

அடுத்து, எதிர்பார்ப்பைக் கழித்துப் படிக்கப் பழக வேண்டும். ஃப்ரானியாக நடித்தவர் மெக் ரயன். 1989-ல் வந்த 'வென் ஹாரி மெட் சாலி' முதல் 1998-ல் வந்த 'யூவ் காட் மெயில்' வரை அமெரிக்கக் காதல் நகைச்சுவைப் படங்களின் செல்லப்பிள்ளையாக இருந்தவரை, இந்தப் படத்தில் உடையின்றியும் ஒப்பனைப் பொலிவின்றியும் சோர்ந்த முகத்தோடும் பார்க்க நேர்ந்தபோது பலருக்கு நேர்ந்தது ஒரு தனிப்பட்ட துரோக உணர்வு. சினிமாஸ்கோர் கேட்பது வெளியீட்டு நாளன்று, விளம்பரத்தையும் நட்சத்திரத்தையும் நம்பி முதல் ஆளாக வந்தவர்களிடம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்த 'எஃப்' எதை அளந்தது என்பது விளங்கும்: சுவரொட்டி கொடுத்த வாக்குக்கும் திரையில் கிடைத்த பொருளுக்கும் இடையில் இருந்த தொலைவை அது அளந்தது. (நம் ஊரில் ஒரு நட்சத்திரத்தின் வழக்கமான படத்தை எதிர்பார்த்து முதல் நாள் முதல் காட்சிக்குப் போய்த் திரும்பியவர்களிடம் பேசியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.) ஒரு கருத்தில் நடிகரின் பழைய படங்களைப் பற்றிய ஏக்கம் மிகுதியாக இருந்தால், அந்த ஏக்கம் உங்களுக்கும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்தக் கருத்தின் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

சில நேரங்களில் பிளவு படத்தின் தரத்தைப் பற்றியதாகவே இராது. பால் வெர்ஹோவன் இயக்கி 1992-ல் வெளியான 'பேசிக் இன்ஸ்டிங்ட்' உலகம் முழுவதும் 35 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அது 1991-ல் சான் பிரான்சிஸ்கோவில் படமாக்கப்பட்டபோதே, இருபால் ஈர்ப்புள்ள பெண்களையும் பெண்ணை விரும்பும் பெண்களையும் கொலைவெறி கொண்டவர்களாகச் சித்தரிக்கிறது என்று கூறித் தன்பாலீர்ப்பாளர் உரிமை ஆர்வலர்கள் எதிர்த்துப் போராடினார்கள். படம் வெளிவந்தபோது, கொலைகாரர் யார் என்பதை உடைத்துச் சொல்லும் வாசகங்களையே போராட்ட ஆயுதமாக்கினார்கள். மர்மப் படத்தை எதிர்க்க அதைவிடக் கூர்மையான வழியை நான் கேள்விப்பட்டதில்லை. அந்த எதிர்ப்பைப் படிக்கிறவர், படம் விறுவிறுப்பாக இருக்கிறதா என்ற கேள்வியோடு அதைக் கலக்கக் கூடாது. விறுவிறுப்பான படம் ஒரு சமூகத்தாருக்கு அநீதி செய்வது எளிதாக நடக்கக்கூடியதுதான். அப்படத்தின் நாயகி ஷாரன் ஸ்டோன், பெரிதும் பேசப்பட்ட விசாரணைக் காட்சியின் ஒரு ஷாட் தம்மை ஏமாற்றி எடுக்கப்பட்டது என்று 2021-ல் வெளியான தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்; இயக்குநர் அதை மறுத்திருக்கிறார். இதை அறிந்தபின் அந்தக் காட்சியை முன்போல் பார்க்க முடியவில்லை என்று ஒருவர் எழுதினால், அது திரைக்கு வெளியே நடந்ததைப் பற்றிய நியாயமான கருத்து. ஆனால் வேறொரு தட்டில் வைத்து நிறுக்க வேண்டியது.

"ஆபாசம்" என்ற சொல்லைக் காணும்போது கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். இந்த வகைப் படங்களைப் பற்றி எழுதப்படுவனவற்றுள் மிகுதியாகப் புழங்கும் சொல்லும், மிகக் குறைவாக எதையேனும் தெரிவிக்கும் சொல்லும் இதுதான். எழுதியவருக்குக் கூச்சம் ஏற்பட்டது என்பதை மட்டுமே அது நமக்குச் சொல்கிறது. அதற்கு மறுபுறத்தில் "கலைநயம்" என்ற சொல்லும் அதே அளவுக்கு வெறுமையானது. நம்பத்தக்க கருத்து, காட்சி என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லும்: அந்தப் படுக்கையறைக் காட்சியை நீக்கினால் கதையில் எதுவும் அறுபடுமா, அதில் ஒரு பாத்திரத்தைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவருகிறதா, கேமரா யாருடைய கண்ணாக நிற்கிறது. 'இன் த கட்' படத்தில் கேமரா ஏறத்தாழ எப்போதும் ஃப்ரானியின் பக்கம் நிற்கிறது; படச்சட்டத்தின் ஓரங்கள் மங்கி, நடுவில் மட்டும் தெளிவு இருக்கும்படி பல காட்சிகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. அது அவளுடைய மயக்கத்தை நமக்கும் தொற்றவைக்கிறது என்று ஒருவரும், கண்வலிதான் மிச்சம் என்று இன்னொருவரும் எழுதினால், இருவருமே காட்சியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்ற உறுதி நமக்குக் கிடைக்கிறது. அத்தகைய இரண்டு கருத்துகள், வெற்று அடைமொழிகள் நிரம்பிய இருபது கருத்துகளைவிட உதவும்.

எந்தப் பதிப்பைப் பார்த்தார்கள் என்பதும் முக்கியம். 'பேசிக் இன்ஸ்டிங்ட்' பார்வையாளர் வயதைக் குறிக்கும் அமெரிக்கத் தரச் சான்றுக்காகச் சில காட்சிகள் வெட்டப்பட்டே அங்கே திரையிடப்பட்டது. வெட்டப்படாத வடிவம் பின்னர் தனியே கிடைத்தது. 'இன் த கட்' படத்துக்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. தொலைக்காட்சிக்காகக் கத்தரித்த வடிவத்தைப் பார்த்துவிட்டுக் கதை தாவித் தாவிப் போகிறது என்று குறை சொல்பவரையும், முழு வடிவத்தைப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பவரையும் ஒரே வரிசையில் நிறுத்த முடியாது. படம் ஓடும் நேரத்தைச் சரிபார்ப்பது எளிய சோதனை.

சராசரி மதிப்பெண்ணுக்கு நான் பெரிய மதிப்பு தருவதில்லை. பத்துப் பேர் ஆளுக்கு ஐந்து மதிப்பெண் கொடுத்தாலும், ஐந்து பேர் பத்தும் ஐந்து பேர் சுழியும் கொடுத்தாலும் சராசரி ஒன்றுதான். முதல் படம் சலிப்பானது. இரண்டாவது படம் சண்டைக்குரியது. எத்தனை பேர் எந்த மதிப்பெண் கொடுத்தார்கள் என்ற பகிர்வு கிடைத்தால் அதைப் பாருங்கள்.

கருத்து எழுதப்பட்ட ஆண்டையும் கவனியுங்கள். 2003-ல் எழுதியவர்கள், ஆணின் பார்வையில் எடுக்கப்பட்ட 1990-களின் காமக் கொலைப் படங்களைப் பார்த்துச் சலித்த கண்களோடு வந்தார்கள்; 2017-க்குப் பிறகு, பெண்கள் தாங்கள் அனுபவித்த பாலியல் அத்துமீறல்களை வெளிப்படையாகப் பேசத் தொடங்கிய காலத்தில் அதே படத்தைப் பார்த்தவர்கள், தெருவில், சுரங்க ரயிலில், சொந்த வீட்டு வாசலில் ஃப்ரானி அடையும் அச்சத்தையே படத்தின் மையமாகக் கண்டார்கள். பிந்தியவர்கள் சொல்வதே சரி என்று நான் நினைக்கிறேன். ஆயினும் முந்தியவர்கள் சுட்டிய கதைத்தளர்வு இருபது ஆண்டுகளில் தானாகச் சரியாகிவிடவில்லை.

இவ்வளவும் படித்தபின், உங்கள் ரசனைக்கு நெருக்கமாகத் தோன்றும் பாராட்டு ஒன்றையும் கண்டனம் ஒன்றையும் மட்டும் குறித்துவைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள். முடிந்தவுடன், வேறு யார் எழுதியதையும் திறப்பதற்கு முன், நான்கைந்து வரிகளில் உங்கள் எண்ணத்தை எழுதிவிடுங்கள். எதை எதிர்பார்த்து உட்கார்ந்தீர்கள், எந்த நிமிடத்தில் அது நிறைவேறியது அல்லது கைநழுவியது என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு குறித்துவைத்த அந்த இரண்டையும் மீண்டும் படித்துப் பாருங்கள். இன்னமும் முடிவுக்கு வர முடியவில்லை என்றால், சில மாதங்கள் கழித்து இன்னொரு முறை பாருங்கள். கொலைகாரர் யார் என்பது அப்போது தெரிந்திருக்கும். மர்மத்தை மட்டுமே நம்பி நின்ற படம் அந்த இரண்டாம் பார்வையில் முதல் கால்மணி நேரத்தைக்கூடத் தாங்காது.